மருந்தில் பூத்த பூசணம்!

முதுகுவலி தாங்க முடியவில்லை. டாக்டரிடம் போனார்கள். அவர் முதுகில் ஊசி போட்டார். "இனி வலி குறையும்" என்று நம்பி வீடு திரும்பினார்கள். சில நாட்களில் தலைவலி, காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு! முடிவில், மூளைக் காய்ச்சல்!

இது அமெரிக்காவில் 2012-ம் ஆண்டு நடந்தது. செப்டம்பர் மாதம் டென்னசி மாநிலத்தில் முதல் நோயாளி தெரிய வந்தார். பிறகு பல மாநிலங்களிலிருந்தும் அதே செய்தி!

காரணம் என்ன? ஊசி மருந்திலேயே பூசணம் இருந்தது! ஊறுகாயில் பூக்குமே, அது போல!

மருந்து வந்த இடம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஒரு மருந்துக் கடை. 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட குப்பிகள் 23 மாநிலங்களுக்குப் போயிருந்தன. 750-க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தனர். 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கடையா? தொழிற்சாலையா?

மருந்துக் கடையில் மருந்து தயாரிக்கலாமா? தயாரிக்கலாம். நம் ஊரில் அந்தக் காலத்துக் கம்பவுண்டர், டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கலந்து கொடுப்பார் அல்லவா? அமெரிக்காவிலும் அந்த வழக்கம் உண்டு. மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கு அதையே தண்ணீர் மருந்தாக்கித் தருவார்கள். இது நல்ல உதவிதான்.

ஆனால் இந்தக் கடை ஆயிரக்கணக்கில் மருந்து தயாரித்து ஊர் ஊராக அனுப்பியது. தொழிற்சாலை என்றால் மத்திய சர்க்காரின் மருந்து இலாகா சோதனை போடும். கடை என்றால் மாநிலத்தின் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே அது தப்பித்து வந்தது. 2006-லேயே மத்திய இலாகா எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பலன் இல்லை.

புதிய சட்டம்

2013 நவம்பரில் புதிய சட்டம் வந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு சீட்டு என்று கலந்து கொடுப்பவர்களை மாநிலம் கவனிக்கும். சீட்டு இல்லாமல் மொத்தமாகத் தயாரிப்பவர்கள் மத்திய இலாகாவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொழிற்சாலைக்கு உள்ள சுத்த விதிகள் அவர்களுக்கும் உண்டு. அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். மருந்தால் தீங்கு நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும்.

கடையை நடத்தியவருக்கு 2017-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

கடையில் கலக்கும் மருந்தை அமெரிக்க சர்க்கார் முன்கூட்டியே சோதித்து அங்கீகரிப்பதில்லை. இன்றும் அப்படித்தான். ஆகவே மருந்து கலப்பவரின் கை சுத்தமும், அதைப் பார்க்க வரும் அதிகாரியின் கண்ணுமே நோயாளியின் உயிருக்குக் காவல்!