டம்ளருக்கு அடியில் ஒரு மரத்துண்டு

மேசைமேல் டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர் என்பது 10 செ.மீ. சதுரமும் 8 முதல் 10 மி.மீ. கனமும் உள்ள சிறு பலகை. மூட்டு கிடையாது, ஆணி கிடையாது, இதோடு பொருந்தவேண்டிய இன்னொரு துண்டும் கிடையாது. அதனால்தான் மரவேலை பழகுபவர்களுக்கு இதை முதலில் கொடுக்கிறார்கள். ஆனால் மேலே ஈரமும் சூடும், கீழே காய்ந்த மேசையும் இருப்பதால் மரத்தின் குணம் முழுவதும் இந்தத் துண்டில் வெளிப்பட்டுவிடும். டிரெஸ்டன் நகரத்து ராபர்ட் ஸ்புத் 1892-ல் காப்புரிமை பெற்ற மரக்கூழ் பீர் அட்டை, வழியும் நீரைக் குடித்துவிட்டுக் குப்பைக்குப் போகும். மரக் கோஸ்டருக்கு நேர்மாறான வேலை. நீரை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்தவேண்டும்.

புதுப் பலகை வாங்கத் தேவையில்லை. பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்கு நிலை, கதவுத் துண்டுகள் பல ஆண்டுகள் வீட்டிலேயே காய்ந்து அடங்கியவை. இனிமேல் அவை பெரிதாக முறுக்கிக்கொள்ளாது. இப்படிப்பட்ட வைரம் பாய்ந்த மரம் துண்டு சிறிது என்ற ஒரே காரணத்துக்காக விறகாகப் போவது பெரும் விரயம். வாகை, வேம்பு, பலாவிலும் செய்யலாம். ஓரத்து வெள்ளையை மட்டும் கழித்துவிடவேண்டும், பூச்சி முதலில் அங்கேதான் வரும். பழைய மரத்தில் உடைந்த ஆணிமுனை ஒளிந்திருக்கும் என்பதால், ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டே ரம்பத்தை எடுக்கவேண்டும்.

நான்கு கோஸ்டருக்கு 45 செ.மீ. நீளச் சட்டம் போதும். இழைப்புளி போடுவதெல்லாம் சட்டம் நீளமாக இருக்கும்போதே முடியவேண்டும். அறுத்த சிறு துண்டைப் பிடித்து இழைப்பது விரலுக்கு ஆபத்து. மூலைமட்டம் வைத்து ஒரு கோடு போட்டு அறுத்து, அதன் பிறகே அடுத்த கோட்டைப் போடவேண்டும். நான்கு கோடுகளையும் மொத்தமாகப் போட்டால், ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் தின்னும் ஒன்றரை மி.மீ. அளவுக்கு, முதல் துண்டைத் தவிர மற்றவை குட்டையாகிவிடும். கோட்டின்மேல் அறுக்காமல், கழிவுப் பக்கமாகக் கோட்டை ஒட்டி அறுப்பது முறை.

அறுத்ததும் தெரியும் வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தேக்கின் ஒவ்வொரு வளையத் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். மரம் நீரை மேலே ஏற்றிய குழாய்கள் இவை. ஒரு சொட்டு நீர் விட்டால் பலகையின் முகத்தைவிட இங்கே பல மடங்கு வேகமாக உள்ளே இறங்கும். பூச்சு பூசும்போது வெட்டுமுகம் உள்ள இரண்டு ஓரங்களுக்கும் கூடுதல் கை தேவைப்படுவது இதனால்தான்.

கிளையைக் குறுக்கே அறுத்து, பட்டையோடு வட்டமாகச் செய்யும் கோஸ்டர்கள் பார்க்க மிக அழகு. ஆனால் காய்ந்ததும் ஓரத்திலிருந்து நடுவரை பிளந்துவிடும். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. வளையத்தை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். பச்சைத் தேக்கு முழுக்க உலரும்போது முதல் திசையில் 5.8 சதவீதம், இரண்டாவதில் 2.5 சதவீதம். 10 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்தின் சுற்றளவு 314 மி.மீ.; இரண்டு சுருக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் சுற்றளவில் சுமார் 10 மி.மீ. வீட்டுக்குள் காற்றில் காயும்போது அதில் பாதி வரும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டா ஆறும்போது இறுகுவதைப் போல, வெளி வளையங்கள் உள்மரத்தை இறுக்குகின்றன. உள்மரம் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது; பட்டாவைப் போன்ற வலுவும் வளையத்துக்குக் கிடையாது. அதனால் வளையம் அறுந்து, ஆப்பு வடிவத்தில் வாய் பிளக்கிறது. எத்தனை பளபளப்பான பூச்சும் இதைத் தடுக்காது. ஈரமான கிளையை அவசரமாக வெட்டிப் பூசி விற்பது, வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

இதற்கு ஒரு வழி, ஓரத்திலிருந்து நடுவரை முன்கூட்டியே ஒரு கீறல் அறுத்து, பிளவுக்கு இடம் கொடுத்துவிடுவது. இன்னொன்று, நீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளை ஊறவைப்பது. 1628-ல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி 1961-ல் மேலே எடுக்கப்பட்ட வாசா போர்க்கப்பல் சுருங்கிச் சிதறாமல் இருக்க, இதைத்தான் 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். பழகுபவருக்குச் சதுரப் பலகையே நல்லது.

தேய்க்கும்போது உப்புத்தாளைக் கையில் பிடிக்காமல், சமமான கண்ணாடியிலோ டைல்ஸிலோ ஒட்டி, கோஸ்டரை அதன்மேல் நகர்த்தவேண்டும். இல்லையென்றால் ஓரம் உருண்டுபோகும். 80, 120, 180, 220 என்ற வரிசையில் எதையும் தாண்டக்கூடாது. 180 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் அமுங்கியிருந்த நார் எழும்பி நிற்கும், அதை 220 தாள் சீவிவிடும். கூர் விளிம்புகளை ஒரு மி.மீ. மழுக்குவது அழகுக்கு மட்டுமல்ல. கூரான விளிம்பில் பூச்சு நிற்காமல் விலகி ஓடும், நீர் முதலில் நுழைவதும் அந்த வழியாகத்தான்.

பூச்சில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தேங்காய் எண்ணெய் காயாது, நாள்பட நாறும். அரக்கைக் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அலமாரிக்கு அழகு. சூடான காபி டம்ளருக்கு அடியில் இளகும், ஈரம் பட்டால் வெள்ளை வளையம் விழும். ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுவதால் ஏற்றது. அந்த வினையில் வெப்பம் பிறக்கும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்; விரித்துக் காயவைத்தே எறியவேண்டும். தண்ணீரை முழுக்கத் தடுக்கவேண்டுமானால் பாலியூரித்தேன் வார்னிஷ்தான். எதைப் பூசினாலும் மேல்முகத்துக்கு எத்தனை கையோ அடிமுகத்துக்கும் அத்தனை கை. ஒரு முகம் மட்டும் ஈரத்தை உறிஞ்சினால் பலகை வளையும்.

மிக வழவழப்பான மேல்முகத்தில் ஈரமான டம்ளர் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது கோஸ்டரும் கூடவே எழும்பி, பாதி வழியில் விழும். நடுவில் 2 மி.மீ. கனமுள்ள கார்க் வட்டம் ஒன்றை ஒட்டினால் இது நின்றுவிடும். அடியிலும் கார்க் ஒட்டினால் மேசையில் கீறல் விழாது. எண்ணெய் பூசிய கோஸ்டரில் நீர்த்துளி முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால், 220 தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு கை எண்ணெய் விடவேண்டும்.