ப்ளோ ஆஃப் வால்வைத் திறந்தவெளிக்கு மாற்றியமைத்தல்

டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட பெட்ரோல் கார்களில், த்ராட்டில் திடீரென மூடும்போது குழாய்களில் தேங்கும் அழுத்தக் காற்றை வெளியேற்றும் சிறு கருவி ப்ளோ ஆஃப் வால்வு ஆகும். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் இக்காற்று மீண்டும் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாய்க்கே திருப்பி விடப்படுகிறது. அவ்வாறு திருப்பாமல் நேரே வெளியே விடும்படி வால்வை மாற்றுவது கார் ஆர்வலர்களிடையே பரவலான பழக்கம். கியர் மாற்றும்போதெல்லாம் எழும் 'புஸ்' என்ற ஓசையே இதற்கு முதற்காரணம். பேருந்தில் காற்று பிரேக்கை விடுவிக்கும்போது கேட்கும் ஓசையை ஒத்தது அது. இதனால் எஞ்சினின் ஆற்றல் கூடும் என்று சொல்வதுண்டு, அது சரியன்று.

வால்வின் வேலை

டர்போசார்ஜரில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மற்றொன்று வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இவற்றின் வேகம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது. அமுக்கும் சக்கரமோ உடனே நிற்பதில்லை. போக வழியற்ற காற்று பின்னோக்கிப் பாய்ந்து, 'படபட'வென்ற ஓசையுடன் சக்கரத்தின் இறக்கைகளை உலுக்கும். அழுத்தம் மிகுந்த எஞ்சினில் இது தொடர்ந்தால் டர்போவின் பேரிங்குகள் தேயும்.

இதைத் தவிர்க்கவே வால்வு. அதன் மேற்பகுதி ஒரு மெல்லிய குழாயால் த்ராட்டிலுக்கு அப்பாலுள்ள இன்டேக் மேனிஃபோல்டுடன் இணைந்திருக்கும். த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகி வால்வை மேலே இழுக்கும். கீழிருந்து அழுத்தக் காற்றும் தள்ளும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் அமுங்கி வழி திறக்கும். டீசல் எஞ்சினின் வேகம் பொதுவாகக் காற்றை அடைத்துக் கட்டுப்படுத்தப்படுவதில்லை. எனவே அதற்கு இவ்வால்வு தேவைப்படுவதில்லை.

எண்ணிக்கையில் வரும் சிக்கல்

2002ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் அறிமுகமான சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இதில் காற்று வடிகட்டியைத் தாண்டியதும் ஒரு காற்றளவு உணரி உள்ளது. உள்ளே நுழையும் காற்றின் நிறையை அது அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும். கணினி அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கும். முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். வால்வு வெளியேற்றும் காற்று ஏற்கெனவே இந்த உணரியைக் கடந்து வந்த காற்று. எனவேதான் அது உணரிக்குப் பின்னால் உள்ள குழாயிலேயே மீண்டும் சேர்க்கப்படுகிறது.

பள்ளிச் சத்துணவுக் கூடத்தை நினைத்துப் பார்க்கலாம். காலையில் 100 பேர் என்று கணக்குக் கொடுத்தாயிற்று. உலையில் அதற்கான அரிசியும் போட்டாயிற்று. இடைவேளையில் 20 பேர் வீட்டுக்குப் போய்விட்டால் சோறு மிஞ்சும். அதுபோலவே, எண்ணிய காற்றை வெளியே விட்டுவிட்டால் கணினி தெளிக்கும் பெட்ரோல் மிஞ்சுகிறது. எரியாத பெட்ரோல் சூடான புகைக்குழாயில் சென்று வெடிப்பொலி எழுப்பும். சிலர் அதையும் ரசிக்கிறார்கள். ஆனால் ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிவதும், புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாவதும் அதன் மறுபக்கம்.

ஒரு கியர் மாற்றத்தில் இது நொடிப்பொழுதே நீடிக்கும். கவலைக்குரிய நேரம் வேறு. வேகமாக வந்த கார் சந்திப்பில் நிற்பதற்காக மெதுவாகும்போது, எஞ்சின் சுற்றும் தாழ்கிறது, பெட்ரோலும் மிஞ்சுகிறது. அப்போது எஞ்சின் அணைந்துபோகலாம். அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக்கின் வெற்றிட உதவி சில மிதிகளுக்கு மட்டுமே மீதமிருக்கும்.

எதிர்மாறான தவறும் நடப்பதுண்டு. வால்வை மாற்றுபவர் பழைய திரும்பு குழாயின் வாயை அடைக்க மறந்தால், அளக்கப்படாத காற்று உணரிக்குப் பின்னால் நுழைந்து பெட்ரோல் போதாமல் செய்யும். புதிதாக எதையும் வாங்காமல், பழைய வால்வின் திரும்பு குழாயை மட்டும் கழற்றிவிடுவது இன்னும் மோசம். தொழிற்சாலை வால்வின் ஸ்பிரிங் மென்மையானதாக இருந்தால், எஞ்சின் சும்மா ஓடும்போதே வால்வு சற்றுத் திறந்து, வடிகட்டப்படாத காற்றைத் தூசியோடு உள்ளே இழுக்கும்.

சட்டமும் குறுக்கிடுகிறது. எஞ்சின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி உள்ளிழுப்புக் குழாயில்தான் சேர்கிறது. வால்வு வெளியே திறந்தால் அந்த ஆவியிலும் ஒரு பகுதி காற்றில் கலக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மாசுக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய மாற்று உறுப்புகளைச் சாலைக் கார்களில் பொருத்த மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை வேண்டும்.

எந்தக் கார்களில் ஒத்துவரும்

எல்லா எஞ்சின்களும் இப்படிக் காற்றை எண்ணுவதில்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பநிலையையும் கொண்டு அளவைக் கணக்கிடும் எஞ்சின்களும் உண்டு. டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை 3எஸ்-ஜிடிஇ அத்தகையது. இவற்றில் வெளியேறும் காற்று கணக்கில் ஏறுவதே இல்லை என்பதால் கலவை கெடாது. காற்றளவு உணரி உள்ள காரிலும், வால்வுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உணரியை இடம் மாற்றலாம். அல்லது அழுத்தக் கணக்குக்கு மாறும்படி கணினியின் நிரலைத் திருத்தலாம். இரண்டுமே வால்வை வாங்குவதைவிடச் செலவும் திறமையும் மிகுதியாகக் கேட்பவை. காற்றில் ஒரு பங்கைத் திருப்பி, மீதியை மட்டும் வெளியே விடும் இருவாய் வால்வுகளும் விற்கப்படுகின்றன. அவற்றில் ஓசை சற்றுக் குறைவு. மிஞ்சும் பெட்ரோலும் அதற்கேற்பக் குறையும்.