கடைசி ஒரு கிலோமீட்டர்

2022 மே 28, சனிக்கிழமை. பாரிஸுக்கு வடக்கே சாந்தெனியில் உள்ள ஸ்டாட் தெ பிரான்ஸ் மைதானம். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதுகின்றன. ஆட்டம் இரவு 9 மணிக்கு. பல மணி நேரம் முன்பே வந்து வரிசையில் நின்றவர்கள் ஒன்பது மணிக்கும் வெளியேதான் நிற்கிறார்கள். டிக்கெட் கையில் இருக்கிறது, கண்ணீர்ப் புகையில் கண் எரிகிறது. உள்ளே பெரிய திரையில் அறிவிப்பு ஓடுகிறது: ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தள்ளிப்போகிறதாம்.

டிக்கெட் இருந்தால் போதும், மற்றதை அமைப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் வெளிநாட்டு ஆட்டத்துக்கு விமானம் ஏறுகிறோம். அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்பதற்குப் பாரிஸ் ஒரு பாடம்.

ஆட்டம் முதலில் நடக்கவிருந்தது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். உக்ரைன் போர் தொடங்கிய மறுநாளே அது பாரிஸுக்கு மாறியது. ஏற்பாட்டுக்கு மிஞ்சியது மூன்றே மாதம். ஆட்டத்தன்று ஒரு புறநகர் ரயில் தடத்தில் வேலைநிறுத்தம் என்பதால் கூட்டம் இன்னொரு தடத்துக்குத் திரும்பியது. அந்த நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் வழி நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் குறுகுகிறது. அந்தக் குறுகலில் போலீஸ் வண்டிகளும் நின்றன, முதல் டிக்கெட் சோதனையும் அங்கேதான். காகித டிக்கெட்டை ரசாயனப் பேனாவால் கீறிப் பார்த்ததில் நல்ல டிக்கெட்டுகளும் போலி என்று திருப்பப்பட்டன. நெரிசல் முற்றியதும் சோதனையையே கைவிட்டார்கள். மொத்தக் கூட்டமும் வாசல்களில் போய் முட்டியது. வாசல்கள் மூடப்பட்டன. டிக்கெட் இல்லாத உள்ளூர் இளைஞர்கள் சிலர் வேலி ஏறிக் குதித்தார்கள். போலீஸ் மிளகு ஸ்ப்ரேயையும் கண்ணீர்ப் புகையையும் பயன்படுத்தியது. குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வந்தவர்களும் அதில் சிக்கினார்கள்.

பழி உடனே ரசிகர்கள் மீது விழுந்தது. டிக்கெட் இல்லாமலோ போலி டிக்கெட்டோடோ வந்த லிவர்பூல் ரசிகர்கள் 30,000 முதல் 40,000 பேர் என்றார் பிரான்ஸின் உள்துறை அமைச்சர். வாசல் இயந்திரங்களில் பிடிபட்ட போலி டிக்கெட்டுகள் 2,589 என்றது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ. செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாத லிவர்பூல் ரசிகர்கள் ஏறத்தாழ 2,700 பேர் என்றும் அதே சங்கம் ஒப்புக்கொண்டது. மைதானக் கேமரா பதிவுகள் ஏழு நாளில் தானாக அழிந்துபோயின. யாரும் நேரத்தில் கேட்டு வாங்கவில்லை. முதன்மைப் பொறுப்பு யூஈஎஃப்ஏவுடையதே என்று, அது தானே அமைத்த சுயேச்சைக் குழு 2023 பிப்ரவரியில் எழுதியது. யாரும் சாகாமல் போனதே வியப்பு என்பதும் அந்த அறிக்கையின் கருத்து. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக யூஈஎஃப்ஏ அறிவிக்க மேலும் மூன்று வாரம் ஆனது.

இது ஒருநாள் கூத்தல்ல. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூலும் யுவென்டஸும். 'இசட்' பகுதி எந்த அணியையும் சேராத பெல்ஜியக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கள்ளச் சந்தையிலும் இடைத்தரகர்கள் வழியாகவும் அந்த டிக்கெட்டுகள் இத்தாலிய ரசிகர்கள் கைக்குப் போயின. பக்கத்தில் லிவர்பூல் ரசிகர்கள், நடுவே மெல்லிய கம்பி வேலி. லிவர்பூல் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வேலியைத் தாண்டிப் பாய, பின்வாங்கியவர்கள் சுவரோரம் நசுங்கினார்கள், சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் இத்தாலியர்கள்.

புதுப்பித்துப் பெயர் மாற்றப்பட்ட அதே மைதானத்தில் 2023 அக்டோபர் 16 அன்று பெல்ஜியமும் ஸ்வீடனும் ஆடின. ஆட்டத்துக்குச் சற்று முன், நகரின் வேறொரு தெருவில், ஸ்வீடன் ஜெர்சி போட்டிருந்த இரு ரசிகர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஆட்டம் பாதியில் நின்றது. உள்ளே இருந்த சுமார் 35,000 பேரை இரவு வெகுநேரம் வெளியே விடவில்லை.

இதற்காகப் பயணத்தையே விட வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிக்கெட்டைக் கிளப்பிடமோ அது அனுமதித்த மறுவிற்பனை வழியிலோ மட்டும் வாங்குங்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்றவர் பிடிபடுகிறாரோ இல்லையோ, டிக்கெட் ரத்தானால் வாசலில் நிற்பது நீங்கள்தான். எந்தப் பகுதி டிக்கெட் என்பதையும் பாருங்கள். உள்ளூர் அணியின் ரசிகர்கள் நடுவே எதிரணி ஜெர்சியோடு உட்கார்ந்தால் வெளியேற்றிவிடுவார்கள். தெருவில் நடக்கும்போது ஜெர்சிக்கு மேல் ஒரு சட்டை இருக்கட்டும்.

விமான டிக்கெட்டை ஆட்ட நாளோடு ஒட்டிப் போடாதீர்கள். சனிக்கிழமை ஆட்டம் தொலைக்காட்சிக்காக ஞாயிறுக்கோ திங்களுக்கோ நகர்வது பிரீமியர் லீக்கில் வழக்கம். 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி மறைந்தபோது அந்த வார இறுதி ஆட்டங்கள் அத்தனையும் தள்ளிப்போயின. ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் விசா கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

கடைசியாக, நிலையத்திலிருந்து மைதானம் வரையிலான அந்த ஒரு கிலோமீட்டர். எந்த நிலையத்தில் இறங்குவது, அது மூடினால் மாற்று எது, ஆட்டம் முடிந்து எப்படித் திரும்புவது என்பதை அறையிலேயே எழுதி வையுங்கள். டிக்கெட் போனில் இருந்தால் பவர் பேங்க் கட்டாயம். உடன் வந்தவரோடு பிரிந்தால் சந்திக்க ஓர் இடம் பேசி வையுங்கள். கூட்டம் நெருங்கி, கையைத் தூக்கக்கூட இடம் இல்லாமல் போவதற்கு முன்பே ஓரமாக விலகி வெளியே வந்துவிடுங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

பாரிஸில் அன்றைய ஒரே கோலை வினீசியஸ் ஜூனியர் 59ஆவது நிமிடத்தில் அடித்தார். அந்த 2,700 பேர் அதை மைதானத்தில் பார்க்கவில்லை. ஹெய்சலில் இறந்த 39 பேரும் உள்ளே போனவர்கள்.