பிக்கப்புக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டு

பேஸ் கிட்டாரில் பழைய பிக்கப்பைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறவர்களிடம் காந்தம் என்ன கலவை, கம்பி எத்தனை சுற்று, எந்த ஆண்டுப் பாணி என்றெல்லாம் பேச்சு நீளும். பிக்கப்புக்கு அடியில் கிடக்கும் ஃபோம் துண்டு அந்தப் பேச்சில் வருவதே அபூர்வம். மாற்றிய பிக்கப் ஏமாற்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான் என்பேன். காரணம், பிக்கப் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. காந்தங்களைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமனுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது; அந்தக் கலைவு சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல்தான் இது. ஆனால் அசைந்தது தந்தியா, தானா என்று சுருளுக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறினால் போதும், அது ஒலிபெருக்கிக்குப் போய்விடும். ஆடுகிற மேசையில் தராசை வைத்து எடை பார்ப்பது மாதிரி.

கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் பிக்கப்பின் இந்த அசைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1957 முதல் அதன் பிக்கப் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைக் கவனிக்கிறது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. இரண்டே புள்ளியில் பிடித்த எதுவும் அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோட்டின் மேல் சீசா பலகை போல ஆடும். ஆடாமல் காப்பது அடியிலுள்ள ஃபோம் மட்டுமே. அதே நிறுவனம் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் பிக்கப் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஸ்க்ரூ என்பதால் ஆட்டம் குறைவு, ஆனாலும் அடிப்படை அதேதான். ஸ்க்ரூ பிக்கப்பைத் தூக்குவதில்லை. அது பிக்கப்பின் ஓரத்தில் நீட்டியிருக்கும் காதிலுள்ள துளை வழியாகத் தளர்வாக இறங்கி மரத்தில் கடிக்கிறது. அதன் தலை பிக்கப்பை மேலே வரவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. தூக்குவது ஃபோம். வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்து தூளாய் உதிர்ந்துபோன ஃபோமின் மேல் புதுப் பிக்கப்பை வைத்துவிட்டு, உயரம் போதவில்லை என்று ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பிக்கப் எழாது. மரத்தில் அதற்காகக் குடைந்த குழிக்குள் கடகடவென்று ஆடத்தான் செய்யும். பேஸ் வாசிப்பவர்கள் பலர் கட்டைவிரலைப் பிக்கப்பின் மேலேயே ஊன்றிக்கொள்பவர்கள் வேறு. விரல் அழுந்தும் ஒவ்வொரு முறையும் பிக்கப் இறங்கி ஏறும். ஒலிபெருக்கியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பழி மட்டும் புதுப் பிக்கப்பின் மேல் விழும்.

அப்படியானால் ஃபோமே வேண்டாம், ஸ்க்ரூவை இறுக்கி மரத்தோடு மரமாக வைத்துவிடலாமே என்று கேட்கலாம். பிக்கப் அசையாது, உண்மைதான். ஆனால் உயரத்தைச் சரிசெய்யும் வசதி போய்விடும். குழியின் அடிப்பகுதி சமமாக இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பிக்கப்பின் காது முறியும். சமையலறை ஸ்பாஞ்ச் இதற்கு உதவாது: சில மாதங்களில் அமுங்கிய நிலையிலேயே தங்கிவிடும், ஈரத்தையும் உறிஞ்சும். மூடிய துளைகள் கொண்ட நியோப்ரீன் ரப்பர் ஃபோம் நல்லது. வேண்டிய உயரத்தை விடத் தாராளமாகத் தடித்த துண்டாக வெட்டி, பிக்கப்பின் அடிப்பரப்பு முழுவதையும் தாங்கும்படி வைத்தால், ஸ்க்ரூ இறங்கும்போது அது அமுங்கி எதிர்த்துத் தள்ளும். ஸ்பிரிங் போடலாம், ஆனால் ஸ்பிரிங் தாங்குவது ஸ்க்ரூ இருக்கும் இடத்தை மட்டும்தான், பிரிசிஷனின் சீசா ஆட்டத்தை அது நிறுத்தாது. பலமுறை கழற்றி மாட்டியதில் ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் மரப்பசை தொட்ட தீக்குச்சியைத் துளைக்குள் செருகிக் காயவிட்டால் மறுபடியும் பிடிக்கும்.

எல்லாச் சத்தத்துக்கும் ஃபோமைக் காரணம் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுருளின் கம்பியே தளர்ந்திருந்தால் பிக்கப் மைக் போல நடந்துகொள்ளும். அதற்கு மருந்து உருக்கிய மெழுகில் மூழ்கவைப்பது. சோதிக்க ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மரப் பென்சிலால் பிக்கப்பைத் தட்டிப் பார்க்கலாம். ஸ்க்ரூடிரைவரின் இரும்பு முனையால் தட்டிப் பயனில்லை, இரும்பு கிட்டே வந்தாலே எந்தப் பிக்கப்பும் சத்தம் போடும். இரைச்சல் வேறு கதை; அது சுற்றியுள்ள மின்சாரத்திலிருந்து சுருளுக்கு வருவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ தந்தி சுமார் 41, அடுத்த ஏ தந்தி 55. இரைச்சல் நேராக அவற்றின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றும்போது, அதன் சுற்றுத்திசையும் காந்தமுனையும் மற்றதற்கு எதிராக இருந்தால்தான் இரண்டின் ஒலியளவையும் முழுதாகத் திறக்கையில் இரைச்சல் அடங்கி, நாதம் மட்டும் நிற்கும். சுற்றுத்திசை மட்டும் எதிராக இருந்து காந்தமுனை எதிராக இல்லாவிட்டால் இரைச்சல் அடங்கும், கூடவே அடிநாதமும் வற்றிப்போகும்.

கடைசியாக வரும் மறுப்புதான் கனமானது: விலை உயர்ந்த பிக்கப் நன்றாக ஒலிக்கத்தானே செய்கிறது? செய்யலாம். சுற்றும் காந்தமும் மாறினால் நாதம் மாறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஒலியின் அளவும் தன்மையும் காதுக்குத் தெரியும்படி மாறும். சற்றே சத்தமாக ஒலிப்பதை 'நன்றாக இருக்கிறது' என்று காது நம்பிவிடும். அதற்காகத் தந்தியை ஒட்டி ஏற்றவும் கூடாது. காந்தம் தந்தியைப் பிடித்திழுத்து, நாதம் சீக்கிரம் தேயும், சுருதி நடுங்கும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, காந்தத்தின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் என்று தொடங்கி, தடித்த தந்திப் பக்கம் சற்று அதிகம் விட்டு, காதால் முடிக்கலாம். பழையதையும் புதியதையும் ஒப்பிடுவதாக இருந்தால் பழையதைக் கழற்றும் முன்பே இந்த இடைவெளியை அளந்து எழுதிவைக்க வேண்டும். கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.