உழுபொறியின் மின்கலமும் அதனைப் பேணும் முறையும்

தமிழ் பயிலும் மாணவனுக்கு இரும்பிலும் ஈயத்திலும் என்ன வேலை என்று வினவுவார் உளர். உழவைத் தலையாகப் போற்றிய மொழியைக் கற்பவன் இக்காலத்து உழவுக் கருவியைக் கண்ணெடுத்தும் பாராதிருத்தல் முறையன்று என்பதே அவர்க்கு யான் கூறும் விடை. ஏருக்கும் நுகத்துக்கும் கொழுவுக்கும் நிகண்டுகள் கூறும் பெயர்களையெல்லாம் மனப்பாடஞ் செய்யும் நாம், டிராக்டரின் பேட்டரியில் உள்ள இரு முனைகளுள் எதனை முதலிற் பற்றுவது, எதனைப் பின்னர்ப் பற்றுவது என்பதை அறியோம். இவ்வறியாமை வெறும் இழுக்கோடு நிற்பதன்று. சிற்சில வேளை கண்ணுக்கே கேடாய் முடியும். ஆதலின், நெடுநாள் நிற்கும் டிராக்டர் முதலிய பொறிகளின் மின்கலத்தைக் காக்கும் சிறு மின்னேற்றியை அவற்றோடு இணைக்கும் முறையையும், அம்முறைக்குரிய காரணத்தையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

பூவிருந்தவல்லிக்குக் கிழக்கே, வேலப்பன்சாவடிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் இடையே நூம்பல் என்னும் ஊர் உளது. சென்னையின் மேற்றிசைப் புறநகர் ஊர்கள் பலவற்றிற்போலவே அங்கும் வயல் சுருங்க, மனை பெருகிற்று. ஆயினும் டிராக்டர் இப்பகுதியை விட்டு நீங்கவில்லை. உழுதற்கு நிலம் குறைந்தபின் அது தண்ணீர்த் தொட்டியையும் செங்கல்லையும் இழுக்கலாயிற்று. அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தே தெருவில் தேங்கும் நீரை வெளியேற்றற்பொருட்டுச் சென்னை மாநகராட்சியார் டிராக்டரிற் பூட்டிய நீரிறைப்பான்களையும் பயன்படுத்தி வருகின்றனர். இப்பொறிகளுக்கும் இந்நகர்க்கும் உள்ள உறவு பழையது. 1960-ல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிற்று. 1961-ல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் அம்பத்தூரை அடுத்த பாடியில், எஞ்சினை எழுப்பும் மின்னோடி முதலியவற்றைச் செய்துவந்தது. அம்மின்னோடியையே நம் மக்கள் ‘செல்ஃப்’ என்பர். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று ஓட்டுநர் கூறும்போது, பெரும்பாலும் குற்றம் மின்னோடியின்பாலன்று. அதற்கு உணவூட்டும் மின்கலத்தின்பாலதே.

மின்கலம் உழைப்பால் மாள்வதினும் ஓய்வால் மாள்வதே மிகுதி என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். இது கேட்போர்க்கு வியப்பாய்த் தோன்றும். 1859-ல் பிரான்சு நாட்டினராகிய கஸ்தோன் பிளாந்தே கண்ட ஈயக் கலமே, பல திருத்தங்களோடு, டிராக்டரில் இன்றும் அமர்ந்திருப்பது. அதனுள் ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் உள. மின்சாரம் வெளிப்படுங்கால் அமிலத்தின் ஒரு கூறு தகடுகளிற் படிந்து ஈய சல்பேட்டு என்னும் வெண்ணிறப் பொருளாகின்றது. மின்சாரத்தை மீளச் செலுத்தின் அப்படிவு கரைந்து அமிலம் பழைய நிலையை எய்தும். இவ்வளவும் நன்றே. ஆனால், கலத்தைத் தொடாது வைத்திருப்பினும், அதன் கம்பிகளை முற்றக் கழற்றி வைப்பினும், மின்சாரம் தானே சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். வெப்பம் ஏறுந்தோறும் இக்குறைவும் விரையும். 10 பாகை செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. குளிர்நாட்டார் எழுதிய கையேட்டில் ‘மூன்று திங்கள் தாங்கும்’ என்றிருப்பதைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின்கீழ் நிற்கும் நம் டிராக்டருக்கு அப்படியே பொருத்திப் பார்த்தல் கூடாது. குறைந்த நிலையிலேயே கலம் வாரக்கணக்கிற் கிடக்குமாயின், மென்மையாயிருந்த படிவு கற்கண்டுபோல் உறைந்து தடிக்கும். பின்னர் எத்துணை மின்சாரம் ஊட்டினும் அது முழுதும் கரையாது. இதுவே மின்கலத்தின் சாவு.

இச்சாவைத் தடுத்தற்கு எழுந்ததே காப்பு மின்னேற்றி. உள்ளங்கையளவே உள்ள இச்சிறு கருவி, பெரும்பாலும் 1 ஆம்பியர் அளவான மின்னோட்டத்தையே தரும். 12 வோல்ட் கலத்தை 14.4 வோல்ட்டின் அண்மை வரையில் நிரப்பியபின், அது தானே தாழ்ந்து 13.2 முதல் 13.6 வோல்ட் வரையில் நின்று, இழப்பை மட்டும் ஈடுசெய்துகொண்டிருக்கும். பணிமனைகளிற் காணும் பெரிய மின்னேற்றியோ, ஆள் அருகிருந்து நிறுத்தும் வரையிற் செலுத்திக்கொண்டேயிருக்கும். அதனைத் திங்கட்கணக்கில் இணைத்துவைப்பின் நீர் வற்றித் தகடு வெந்துபோம். இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது. மற்றொரு மயக்கமும் உண்டு. காப்பு மின்னேற்றி காவற்காரனேயன்றி மருத்துவன் அல்லன். 100 ஆம்பியர்-மணி அளவுள்ள டிராக்டர்க் கலம் பாதி வெறுமையாயின், 1 ஆம்பியர் தரும் கருவி அதனை நிரப்புதற்கு இரண்டு நாளினும் மிகுதியாகும். ஆகலின், கலத்தை முதலில் உரிய மின்னேற்றியால் நிரப்பிவிட்டுப் பின்னரே இதனைக் காவல் வைத்தல் தக்கது. இணைக்குமுன் கலத்தின் வோல்ட்டும் கருவியின் வோல்ட்டும் ஒன்றாதலைக் காண்க. டிராக்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டின. பெரிய லாரிகளிலும் ஜெனரேட்டர்களிலும் இரு கலங்கள் தொடர்ந்து 24 வோல்ட்டாதல் உண்டு.

இனி, இணைப்பு முறைக்கு வருவோம். அதற்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேசல் வேண்டும். தமிழ் மாணவனாதலின் சொல்லை எளிதில் விட மனம் வரவில்லை. நம் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்னும் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்குகின்றனர். சுவரிலுள்ள மூன்று துளைப் பிளக்கின் மூன்றாவது கம்பி மெய்யாகவே மண்ணிற் புதைந்த தகட்டுக்குச் செல்வது. டிராக்டரின் ‘எர்த்’தோ மண்ணைத் தீண்டுவதேயில்லை, ரப்பர்ச் சக்கரத்தின்மேல் நிற்கும் இரும்புடலே அது. மின்கலத்தின் ஒரு முனையை அவ்வுடலோடு பிணைத்துவிட்டால், ஒவ்வொரு விளக்குக்கும் இரு கம்பி இழுக்க வேண்டுவதில்லை. உடலே மீளும் வழியாகும். இதனைச் சிலர் ‘பாடி எர்த்’ என்று பிரித்துச் சொல்வர். அவர் நுண்ணியர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, மின்னேற்றியின் கறுப்புக் கம்பியைக் கிணற்றடியிலுள்ள எர்த் குழாயிற் கவ்வவிட்டால் ஒரு பயனும் விளையாது.

இக்காலத்து டிராக்டர்களில் உடலோடு பிணைந்திருப்பது எதிர்முனை, அஃதாவது ‘மைனஸ்’. இணைக்கும் ஒழுங்கு இது: மின்னேற்றியின் பிளக்கு சுவரிற் செருகப்படாதிருக்க, சிவப்புக் கவ்வியை முதலில் நேர்முனையிற் பற்றவைக்க; பின்னர்க் கறுப்புக் கவ்வியைக் கலத்தின் எதிர்முனையிலன்றி, அதற்குச் சற்றுத் தொலைவில், பெயிண்ட் இல்லாத எஞ்சின் இரும்பிற் பற்றவைக்க; டீசல் செல்லும் குழாய்க்கு அருகும் ஆகாது. இறுதியில் பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போடுக. எடுக்கும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும்: முதலிற் சுவிட்சு, பிறகு கறுப்பு, கடைசியிற் சிவப்பு.

இவ்வொழுங்கு வெறும் சடங்கோ எனின், அன்று. கலம் நிரம்பும் தறுவாயில் அமிலத்திலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிட்டெழும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலும் அது பற்றியெரிய வல்லது. மின்சுற்று எவ்விடத்தில் முடிவுறுகின்றதோ, எவ்விடத்தில் முதலில் அறுபடுகின்றதோ, அவ்விடத்திலேயே பொறி தெறிக்கும். ஆகவே, பொறி தெறித்தற்குரிய அவ்விறுதித் தொடுகையை வாயு எழும் இடத்தினின்று விலக்கி வைத்தலே இம்முறையின் உயிர்நாடி. மின்கலம் வெடிப்பின் பிளாஸ்டிக்குச் சில்லும் அமிலமும் முகத்திற் பாயும். கண்ணில் அமிலம் பட்டால் உடனே தூய நீரைக் கால் மணி நேரத்திற்குக் குறையாது ஓடவிட்டுக் கழுவி, மருத்துவரிடம் விரைதல் வேண்டும். கண்ணாடி அணிந்து தொடங்குவது அதனினும் நன்று. கொட்டகையின் கதவைத் திறந்து வைப்பதும், மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பதும், பீடியை வெளியே எறிந்து வருவதும் யான் சொல்லாமலே விளங்கும்.

மேற்கூறிய ஒழுங்கை ‘சிவப்பு முதல், கறுப்பு பின்’ என்று நெட்டுருச் செய்தவன் ஓரிடத்தில் இடறுவான். 1946 முதல் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரிற் செய்யப்பெற்ற சிறு பெர்குசன் டிராக்டர்கள் பலவற்றில் உடலோடு பிணைந்தது நேர்முனையே. அத்தகைய பழம்பொறிகளைச் செப்பஞ்செய்து போற்றுவோர் இன்றும் உளர். அவற்றில் கறுப்பு முதலிற் கலத்தின் எதிர்முனைக்கும், சிவப்பு பின்னர் உடலுக்கும் செல்லும். ஆகலின் நெஞ்சிற் பதிய வேண்டுவது நிறம் அன்று; ‘உடலோடு பிணையாத முனை முதலில், உடல் இறுதியில்’ என்பதே. தடித்த கம்பி எம்முனையினின்று புறப்பட்டு உடலிரும்பிற் சேர்கின்றது என்று கண்ணாற் கண்ட பின்னரே கவ்வியை எடுக்க.

இன்னும் ஒரு கண்ணி உண்டு. சில டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும், கலத்துக்கும் உடலுக்கும் இடையே இணைப்பை அறுக்கும் திருகு சுவிட்சு ஒன்று அமைத்திருப்பர். நெடுநாள் நிறுத்துவோன் அறிவுடையோனாயின் அதனைத் திருப்பி அணைத்துவிட்டே செல்வான். அந்நிலையில் உடலிரும்பு கலத்தோடு தொடர்பற்றுப் போகின்றது! உடலிற் கவ்விய கறுப்புக் கம்பி வழியே கலத்துக்கு ஒன்றும் சேராது. மின்னேற்றியைத் திங்கட்கணக்கில் வைத்திருந்தும் கலம் செத்துக் கிடத்தற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வனைத்துத் தொல்லைக்கும் நிலையான தீர்வு, கலத்தின் இரு முனைத் திருகுகளின்கீழும் வளையம் பொருந்திய சிறு கம்பிகளை ஒருமுறை பூட்டி, அவற்றின் மறுநுனியிலுள்ள மூடியிட்ட இணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுதல். கவ்வியே வேண்டாம், டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்தியவுடன் இணைப்பானைப் பொருத்திவிட்டுச் சுவிட்சைப் போடலாம். ஆனால், பூட்டும் அந்நாளில் கவனம் வேண்டும். உடலோடு பிணைந்த முனையின் கம்பியை முதலிற் கழற்றுக. அதனைக் கழற்றாது மற்றை முனையின் திருகை முடுக்கும்போது, ஸ்பானரின் மறுதலை இரும்புடலைத் தீண்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து ஸ்பானர் பழுக்கக் காயும். அன்றியும், சிவப்புக் கம்பியில் கலத்துக்கு மிக அருகே ஃபியூஸ் இருத்தல் இன்றியமையாதது. ‘மின்னேற்றி தருவதோ 1 ஆம்பியர்; ஃபியூஸ் எதற்கு?’ என்று கேட்பாருளர். அச்சம் மின்னேற்றியைப் பற்றியதன்று. கம்பியின் தோல் தேய்ந்து உடலைத் தொட்டால், எஞ்சினையே சுழற்ற வல்ல மின்கலம் தன் ஆற்றல் முழுவதையும் அம்மெல்லிய கம்பியிற் கொட்டும்; ஃபியூஸ் இன்றேல் டிராக்டர் தீப்பற்றும். ஃபியூஸின் அளவு கருவி செய்தவர் குறித்தபடி இருத்தல் வேண்டும். எலி கடித்ததென்று வெறுங்கம்பியைச் சுற்றிவைத்தல் ஆகாது. மின்னேற்றியைக் கலத்தின் தலைமேல் வையற்க. மழைச்சாரல் படாத உயரத்தில் ஆணியிட்டுத் தொங்கவிடுக.

டிராக்டர் இல்லாதார் இக்கட்டுரை தமக்குரியதன்று என எண்ணற்க. வயலிருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடி இல்லங்களின் மூலையில் பச்சைப் பெட்டியொன்றில் ஜெனரேட்டர் நிற்கின்றது. அது திங்கட்கணக்கில் உறங்கி, புயலன்று விழிக்க வேண்டுவது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை பொழிந்தபோதும், பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. அத்தகைய நாளில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுவதும், மூச்சுக்கருவியோடு படுத்திருக்கும் முதியவர் இரவைக் கடப்பதும், அவ்வொரு மின்கலம் முதல் முயற்சியில் எஞ்சினை எழுப்புவதைப் பொறுத்தன. டிராக்டரையாவது நால்வர் கூடித் தள்ளி எழுப்பலாம். ஜெனரேட்டரைத் தள்ள இயலுமோ? பெரும்பாலான ஜெனரேட்டர்களுக்குள்ளேயே காப்பு மின்னேற்றி நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அது பழுதாயின் ஒருவர்க்கும் தெரியாது என்பதே அதன் குறை. அதன் சிறு விளக்கு எரிகின்றதா என்று வாரம் ஒருமுறை காவலாளர் பார்த்தெழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நீர் ஊற்றும் மூடியுள்ள கலமாயின், காப்பில் இருக்கும்போதும் திங்கள் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். தகடுகள் நீருக்குமேல் தெரியின், அவை மறையுமளவே டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, முழுதும் நிரம்பியபின் குறித்த கோடு வரையில் விடுக. நிரப்புமுன் கோடு வரை விட்டால் அமிலம் பொங்கி வழியும். குழாய் நீர் ஆகாது, அமிலமும் ஆகாது.

காவல் செவ்வனே நடந்ததா என்பதை அறிதற்கு மின்னேற்றியை நீக்கிய அக்கணமே அளத்தல் பயனற்றது. அப்போது எக்கலமும் பொய்யாக உயர்ந்தே காட்டும். ஓரிரவு விட்டு விடியலில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க. 12.6 முதல் 12.7 வரையில் காட்டினால் கலம் நிறைவாயுளது, 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதியே உளது. இணைப்பும் கருவியும் சரியாயிருந்தும், ஓரிரவில் 10.5-க்கு அருகே வீழ்ந்துவிடின், ஆறு அறைகளுள் ஒன்று மாண்டது என்க. அதனை எம்மின்னேற்றியும் எழுப்பாது; மழைக்குமுன் வேறு கலம் வாங்குதலே வழி.