வரிசையின் கணக்கும் அரசியலும்

‘எவ்ளோ நேரம் நின்னீங்க?’ ஓட்டுப் போட்டுத் திரும்புகிறவரிடம் நாம் முதலில் கேட்பது இதைத்தான். யாருக்குப் போட்டார் என்று கேட்கக் கூச்சம். நின்ற நேரத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் பிரதிநிதித்துவம், ஜனநாயகம், அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், இந்தக் கேள்வியை டீக்கடையோடு விட்டுவிடுகிறோம். காத்திருப்பு என்பது வெயில், மழை மாதிரி தானாக நேர்வது என்று ஒரு நினைப்பு. அது உண்டாக்கப்படுகிறது, சிலருக்குக் கூடுதலாகவே உண்டாக்கப்படுகிறது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் கணக்கு. வரிசையின் நீளத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எத்தனை இடங்களில் வேலை நடக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் பொறியாளர் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளை வைத்துத் தொடங்கிய ஆய்வின் வழியில் வந்த கணக்கு இது. மணிக்கு 60 பேரை அனுப்பக்கூடிய சாவடிக்கு 50 பேர் வந்தால், எளிய மாதிரிக் கணக்குப்படி சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 58 பேர் வந்தால் 29 நிமிடம். கூடியது எட்டே பேர். காத்திருப்போ ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒரு மேசையை எடுப்பதும் ஒரு சாவடியை மூடுவதும் பார்வைக்குச் சின்னக் காரியம். விளைவு அப்படியல்ல.

ஒருவருக்குப் பிடிக்கும் நேரத்தைத் தேர்தல் முறை தீர்மானிக்கிறது. நம் சட்டமன்றத் தேர்தலில் ஒரே பொத்தான், ஒப்புகைச் சீட்டு 7 விநாடி தெரியும், ஆயிற்று. அமெரிக்காவிலோ அதிபர் தொடங்கி மாநிலச் சட்டமன்றம், நீதிபதி, ஷெரீப், பள்ளி வாரியம் வரை ஒரே சீட்டில் வரலாம். 2012இல் ஃப்ளோரிடாவில் இவற்றோடு 11 அரசியல் சட்டத் திருத்தங்களும் சேர்ந்தன. மயாமி-டேட் கவுன்டியில் சீட்டு பத்துப் பக்கத்துக்குக் குறையவில்லை. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களை 14இலிருந்து 8ஆகச் சட்டமன்றம் முந்தைய ஆண்டுதான் குறைத்திருந்தது. மணிக்கணக்கில் ஜனங்கள் நின்றார்கள். சீட்டு நீண்டது, நாள் குறைந்தது: இரண்டையும் செய்தது ஒரே சட்டமன்றம்.

ஆனால் நீளச் சீட்டு எல்லோருக்கும் நீளம்தானே, வரிசை மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை? சாவடிகளின் எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் அது உள்ளூர் நிர்வாகத்தின் கையில். இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் இத்தகைய மாற்றங்களுக்கு மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வைத்திருந்த ஏற்பாட்டை, 2013இல் ஷெல்பி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்டியில் 2012இல் 200 சாவடிகள். 2016 மார்ச்சில் கட்சிகளின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புக்கு 60. செலவு மிச்சம், தபால் ஓட்டு கூடிவிட்டது என்றார்கள். ஐந்து மணி நேரம் வரை நின்றவர்கள் உண்டு. அதே ஆண்டு அதிபர் தேர்தலைக் கைபேசி இருப்பிடத் தகவல்களால் அளந்த ஓர் ஆய்வு, முழுக்கக் கறுப்பர்கள் வாழும் பகுதிகளில் வெள்ளையர் பகுதிகளைவிட 29 சதவீதம் கூடுதலாகக் காத்திருந்ததாகக் கண்டது. கறுப்பரின் ஓட்டுரிமையை எவரும் பறிக்கவில்லை. அவரது நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மணிக்கூலிக்காரருக்கு நேரம் என்றால் கூலி. தேர்தல் நாள் அங்கே இன்றும் 1845ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த செவ்வாய்க்கிழமைதான்; நாடு முழுக்கச் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் கிடையாது.

இங்கே நிலைமை மேல் என்று மார்தட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்ற வரம்பை 2025இல் தேர்தல் ஆணையம் 1,200 ஆக்கியது. அந்த எண் நாட்டுக்கே பொது என்பது முக்கியம். தினக்கூலிக்காரருக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை என்கிறது சட்டம். கொத்தனார் வேலைக்குப் போகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

வரிசையே இல்லாமலும் தேர்தல் நடத்தலாம். 2000இலிருந்து ஆரெகன் மாநிலம் அதிபர் தேர்தலையே தபாலில் நடத்துகிறது. மறுபக்கம், 2021இல் ஜார்ஜியா மாநிலம், சாவடி அருகே வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியாட்கள் தண்ணீர் கொடுப்பதைக் குற்றமாக்கியது.  அடுத்த தேர்தலில் ‘எவ்ளோ நேரம் நின்னீங்க?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை சாவடி, யார் குறைத்தார்கள், எந்தத் தெருவில் என்றும் கேட்டுக் குறித்து வைப்போம்.