வீட்டுச் சவர்க்காரத்தில் வாசனை சேர்க்கிறீர்களா?

வீட்டிலேயே சவர்க்காரம் செய்வது நல்ல பொழுதுபோக்கு. கைக்கும் வேலை, உறவினருக்குக் கொடுக்க ஒரு பரிசும் ஆயிற்று. எல்லாரும் ஆசையோடு காத்திருப்பது வாசனை சேர்க்கும் கட்டத்திற்குத்தான். கவனம் தேவைப்படுவதும் அங்கேதான்.

மூக்கை நம்பி ஊற்றாதீர்கள்

வயது ஏற ஏற நுகரும் திறன் குறைகிறது. மெல்ல மெல்லக் குறைவதால் பலர் அதை உணர்வதில்லை. 'வாசம் போதவில்லையே' என்று இன்னும் நாலு சொட்டு விடத் தோன்றும். உங்கள் மூக்குக்குத்தான் அது குறைவு. தோலுக்கு அளவு மிஞ்சிவிடும். மூத்தோரின் தோல் மெலிந்து, எண்ணெய்ப் பசை குறைந்து, வறண்டிருக்கும். முன்பு ஒத்துக்கொண்ட வாசனை இப்போது எரிச்சலையும் அரிப்பையும் தரலாம்.

ஆகவே கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். 500 கிராம் சவர்க்காரத்திற்கு அரைத் தேக்கரண்டி, அதாவது 2.5 மில்லிலிட்டர், போதும். (எரிவாயு நாற்றமோ கெட்டுப்போன உணவின் வாடையோ கூடத் தெரியவில்லை என்றால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

எப்படிச் சேர்ப்பது?

கடையில் கிடைக்கும் கிளிசரின் சவர்க்காரக் கட்டியை உருக்கிச் செய்யும் முறையே மூத்தோருக்கு ஏற்றது. கட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒரு பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்திற்குள் வைத்து உருக்குங்கள். கொதிக்க விடாதீர்கள். அடுப்பை அணைத்து, சூடு 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குத் தணிந்ததும் வாசனை எண்ணெயை விட்டு மெதுவாகக் கிளறி அச்சில் ஊற்றுங்கள். அதிகச் சூட்டில் விட்டால் வாசனை ஆவியாகிவிடும். பிறகு மறுபடியும் ஊற்றத் தோன்றும்.

காஸ்டிக் சோடா கலந்து செய்யும் முறையை வீட்டில் தவிர்ப்பதே நல்லது. அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். தெறித்துவிட்டால், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால், கழுவிக்கொண்டிருக்கும்போதே வேறொருவரை 995க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

எந்த வாசனை?

'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் செடியிலிருந்து வந்தவைதாம். ஆனாலும் தோல் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும். ஆரஞ்சு, லாவெண்டர் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தரும் தன்மை கூடுகிறது. அலமாரியில் பல வருடமாகத் திறந்து கிடக்கும் புட்டியை வீசிவிடுங்கள். சமையல் எசன்ஸ், அறை வாசனைத் திரவியம், ஊதுபத்திக்கான எண்ணெய் ஆகியவை தோலில் பூசுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தோலில் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள்.

மல்லிகைப் பூவைப் போட்டால் மணக்கும் என்று தோன்றும். ஆனால் பூ சவர்க்காரத்திற்குள் பழுப்பேறி நிறம் கெடும்; மணமும் நிற்காது.

எக்ஸிமா அல்லது தோல் வெடிப்பு உள்ளவர்களும், கைக்குழந்தைகளும் வாசனையே இல்லாத சவர்க்காரத்தைப் பயன்படுத்துவது நல்லது. கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் ஆகியவற்றைப் பேரப்பிள்ளைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். புட்டிகளைப் பூட்டி வையுங்கள்.

முதலில் சோதியுங்கள்

புதிய சவர்க்காரத்தைக் கொண்டு உள் முழங்கையில் ஒரே இடத்தை மட்டும் காலையும் மாலையும் ஏழு நாள் கழுவிப் பாருங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது; இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். பல காலம் பழகிய வாசனைக்கும் திடீரென ஒவ்வாமை வரக்கூடும். தோல் சிவந்தாலோ அரித்தாலோ பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தணியாவிட்டால் பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள்; சவர்க்காரத்தையும் எண்ணெய்ப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 995ஐ அழையுங்கள்.

பிறருக்குக் கொடுக்கும்போது, எந்த எண்ணெய், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.